பதிலுக்கு விட்ட இடம்

கேசட்டின் முதுகுப் பக்கத்தில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? நம் வயதுக்காரர்களைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லிப் பயனில்லை. என் மகளிடம் ஆரம்பித்தால் பாதியிலேயே போனை எடுத்துவிடுவாள். அந்தப் பற்களை உடைத்துவிட்டால் டேப்ரிக்கார்டரில் பதிவுப் பொத்தான் கீழே இறங்காது. உள்ளே இருப்பதை யாரும் அழிக்க முடியாது. ஆனால் உடைத்த ஓட்டையின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டால் பொத்தான் ஏமாந்து இறங்கிவிடும். இந்த வித்தை எங்கள் தெருவில் முதலில் எனக்குத்தான் தெரியும். அப்போது அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எனக்குப் பன்னிரண்டு வயது. வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். ருஷ்யா என்று நாம் எல்லாரும் மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெரிய தேசம் உடைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே போய் மதகு, பம்பு, தண்ணீர் இறைக்கிற எந்திரம் என்று ஆறு வருஷம் படித்த என் சித்தப்பா, பங்குனி வெயிலில் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார். கூடவே சித்தி. சித்தியின் தோளில் பத்து மாதக் குழந்தை, என் தம்பி.

சித்தப்பாவை அங்கே படிக்க அனுப்பியது தாத்தாவின் கட்சி. தாத்தா விவசாயச் சங்கத்து ஆள். சிவப்புத் துண்டு போடாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். வழவழப்பான தாளில் ருஷ்யப் பத்திரிகை வருமே, நாம் எல்லாரும் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டோமே, அதை எங்கள் வீட்டில் மட்டும் கிழிக்க முடியாது. கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார். தேசம் உடைந்த செய்தி வந்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தார். மருமகள் வந்ததும் எழுந்துவிட்டார். தெருவில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் "நம்ம மருமவ ருஷ்யாக்காரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சித்தி ருஷ்யாக்காரி இல்லை. இது எங்களுக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. புரிந்த பிறகும் தாத்தா மாற்றிச் சொல்லவில்லை. காகசஸ் மலையில், தாகெஸ்தானில், ஒரு பள்ளத்தாக்கின் உச்சியில் ஒரே ஓர் ஊர். அந்த ஊருக்கு மட்டும் ஒரு பாஷை. அடுத்த மலைக்காரனுக்கு அது புரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது, அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது ருஷ்ய மொழியில். பள்ளிக்கூடத்தில் சித்தி படித்ததும் ருஷ்யமும், பக்கத்துப் பெரிய ஜனங்களின் பாஷையும்தான். அவள் வீட்டுப் பாஷைக்கு எழுத்து கிடையாது.

இதைத் தாத்தாவால் ஜீரணிக்க முடியவில்லை. "அங்க நூறு ஜனம், நூறு பாஷ. எழுத்து இல்லாத பாஷைக்கெல்லாம் அரசாங்கமே எழுத்து செஞ்சு குடுத்துச்சு. நானே மேடையில பேசியிருக்கேம்மா" என்றார்.

"எங்களுக்கு இல்ல மாமா" என்றாள் சித்தி. அன்றைக்கு அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.

"இருக்கும். ஒனக்குத் தெரிஞ்சிருக்காது."

தன் ஊரைப் பற்றித் தன்னைவிட மாமனாருக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்ததைச் சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சித்திக்குத் தமிழ் பழக்குவது என் வேலை என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் ஒன்றைக் காட்டித் தமிழில் சொல்வேன். சித்தி திருப்பிச் சொல்வாள். பிறகு தானாகவே அதன் பேரைத் தன் பாஷையில் ஒரு தரம் சொல்லிக்கொள்வாள். அந்தச் சத்தங்கள் எனக்கு ஒரே வேடிக்கை. ஒன்று நாக்கின் ஓரத்தில் காற்றைப் பிதுக்கிக்கொண்டு வரும், வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கியவர் பேசுவதைப் போல. இன்னொன்று தொண்டைக்கும் கீழே, மீன் முள் மாட்டினால் காறுவோமே, அந்த இடத்திலிருந்து கிளம்பும். நான்கு கோட்டு நோட்டில் எழுதிப் பார்த்தேன். தமிழிலும் அடங்கவில்லை, இங்கிலீஷிலும் அடங்கவில்லை.

அவள் ஊரில் ஒரு வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்கு வாசல். மண் கூரை. மழை பெய்து ஓய்ந்ததும் கல் உருளையை மேலே ஏற்றி, பெண்கள் பாடிக்கொண்டே உருட்டிக் கெட்டிப்படுத்துவார்களாம். ஓட்டு வீட்டு உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, "இங்க மேல நடக்கலாமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். அடிபம்பில் தண்ணீர் பிடித்துக் குடத்தைக் கயிற்றில் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டு வந்தாள். "இடுப்பு எதுக்கு இருக்காம் இவளுக்கு" என்று பம்படியில் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

முதல் தகராறு தொட்டிலால் வந்தது. பேரனுக்காகத் தாத்தா ஆசையாக ஒரு மரத்தொட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். சித்தி தம்பியை அதில் மல்லாக்கக் கிடத்தி, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி நீட்டி வைத்து, மார்புக்குக் குறுக்கே ஒரு துணியும் முழங்காலுக்குக் குறுக்கே ஒரு துணியும் போட்டுத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். அவன் சிணுங்கக்கூட இல்லை. சுகமாகத் தூங்கினான். அவள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தூங்குமாம். மலைச்சரிவில் வேலை செய்கிற தாய் தொட்டிலை முதுகில் மாட்டிக்கொண்டு போவாளாம், பிள்ளை விழுந்துவிடக் கூடாதே. எங்கள் ஊரில் விழுவதற்குச் சரிவே கிடையாது. தெருவில் ஒரு மணி நேரத்தில் சேதி பரவிவிட்டது. பிள்ளையைக் கட்டிப் போட்டுவிட்டாளாம்.

தாத்தா வந்து பார்த்தார். குனிந்து இரண்டு முடிச்சையும் அவிழ்த்தார். "இங்க யாரும் யாரையும் கட்டிவைக்கிறதில்லம்மா" என்றார். உலகத்துச் சங்கிலிகளையெல்லாம் அறுக்கக் கிளம்பிய மனிதருக்குக் கடைசியில் கிடைத்தது அந்த இரண்டு துணிதான். கை விடுபட்ட தம்பி திடுக்கிட்டு விழித்து அழ ஆரம்பித்தான். அதற்குப் பிறகு புடவைத் தூளிதான். அவன் பகலில் சரியாகத் தூங்கவே இல்லை என்று சித்தி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் மணல்தான் இருந்தது. பம்பில் குடம் குடமாகப் பிடித்து வந்து மணலில் ஊற்றி, அதைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். சித்தப்பாவின் படிப்பும் அப்படித்தான் ஆயிற்று. சான்றிதழில் முத்திரை குத்திய தேசமே இல்லை. போன இடமெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் கூத்தாநல்லூர் பாய் ஒருவர் மூலமாக மஸ்கட்டுக்கு விசா வந்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில் வேலை. சித்தியையும் தம்பியையும் எங்களிடம் விட்டுவிட்டு ஆவணியில் போய்விட்டார். அவர் போன பிறகு சித்தியுடன் ருஷ்யம் பேசவும் வீட்டில் ஆள் இல்லை.

அதன் பிறகுதான் அந்தக் கேசட் வெளியே வந்தது.

சித்தியின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பாஷையில் எழுத எழுத்து இல்லை. ஊரிலிருந்து எப்போதாவது வரும் கடிதம்கூட அங்கே ஓர் ஆசிரியர் ருஷ்யத்தில் எழுதியது. இந்தியாவுக்குப் புறப்படுமுன் சித்தி மலைக்கு ஏறிப்போய், அதே ஆசிரியரின் டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி, அம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு வந்திருந்தாள். முதல் பக்கம் முழுக்க அந்த அம்மாள் பேசுவாள். மறுபக்கத்தில் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் பாடுவார்கள், கூரை உருட்டும் பாட்டுகூட அதில் இருந்தது. முடிகிற இடத்தில் ஒரு நாய் குரைக்கும். யாரும் அழித்துவிடக் கூடாதென்று இரண்டு பற்களையும் சித்தியே உடைத்துவிட்டிருந்தாள்.

காலாண்டு விடுமுறை. தாத்தா சாப்பிட்டுவிட்டுச் சங்கத்துக்குப் போனதும் சித்தி சமையலறையில் டேப்ரிக்கார்டரைத் தரையில் வைத்து, தம்பியை மடியில் உட்கார்த்திக்கொள்வாள். நான் எதிரில் உட்காருவேன். முதலில் ஒரு இரைச்சல். அப்புறம் ஒரு இருமல். பிறகு அந்த அம்மாள் உரத்த குரலில், இழுத்து, எதையோ கேட்பாள். கேட்டுவிட்டு நிறுத்திவிடுவாள். டேப் சும்மா ஓடும். அந்த அம்மாளுக்கு டேப்ரிக்கார்டர் புதிது. டெலிபோன் மாதிரி அந்தப் பக்கமிருந்து பதில் வரும் என்று நினைத்துக் காத்திருக்கிறாள்.

அந்த இடம் வந்ததும் சித்தி பதில் சொல்வாள். ஒரே சொல். நாக்கோரத்தில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிகிற சொல். அவள் சொல்லி முடிக்கவும் டேப்பில் அந்த அம்மாள் திருப்தியானவளைப் போல மேலே பேசத் தொடங்குவாள். நடுவில் இன்னும் பல இடங்களில் நிறுத்துவாள். அங்கெல்லாம் சித்தியின் பதில் நீளமாக இருக்கும், ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொல்லமாட்டாள். முதல் பதில் மட்டும் மாறாது.

"எங்க ஊர்ல அம்மா அந்தப் பக்கம் மலை. பொண்ணு இந்தப் பக்கம் மலை. நடுவுல பள்ளம். காலையில அம்மா கத்தி கேக்கும். பொண்ணு சொல்லும். அப்புறம்தான் வேலை" என்று ஒருநாள் கையை விரித்துக் காட்டிச் சொன்னாள் சித்தி.

அம்மா என்ன கேட்பாள், பொண்ணு என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பன்னிரண்டு வயதில் எனக்குச் சத்தம் போதுமானதாக இருந்தது. அந்த ஒரு சொல்லைக் கடைத்தெருவுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டேன், தோழிகளைப் பயமுறுத்த.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. இரைச்சல், இருமல், கேள்வி. சித்தி வாயைத் திறக்குமுன் தம்பி சொல்லிவிட்டான். தெளிவாகத் தொண்டையிலிருந்து சொன்னான். சொல்லிவிட்டுப் பொட்டியைப் பார்த்தான். பாட்டி மேலே பேச ஆரம்பித்ததும் கைகொட்டிச் சிரித்தான். சித்தி அவன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை.

நான் சங்கத்துக்கே ஓடினேன். "தாத்தா, தம்பி பேசிட்டான்."

தாத்தா எழுந்தே விட்டார். அவருக்கு அது பெரிய கவலை. ஒன்றேகால் வயதாகியும் பிள்ளை அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, ஊமையாக இருக்குமோ என்று தெருவில் பேச ஆரம்பித்திருந்தார்கள். "என்னன்னு சொன்னான்?"

நான் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினேன். சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தாத்தா உட்கார்ந்துவிட்டார். "அது பேச்சில்ல பாப்பா. சத்தம்" என்றார்.

ஐப்பசியில் கும்பகோணத்துக் குழந்தை டாக்டரிடம் காட்டினார்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மையை அவரும் சொன்னார். வீட்டில் ஆளுக்கொரு பாஷை பேசினால் பிள்ளை குழம்பிப்போய் வாயே திறக்காது, ஒரே பாஷை பேசுங்கள் என்றார். இன்றைக்கு என் பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்று பாஷையில் அடம் பிடிக்கிறது. அன்றைக்கு டாக்டர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

தாத்தா கூடத்தில் சித்தியை உட்காரவைத்துப் பேசினார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூட நான் இன்றைக்கு அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். வாலிபத்தில் ரயிலடியில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசிவிட்டுச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

"ஏம்மா, நான் ஒங்க பாஷைய மட்டமா சொல்லல. ஆனா இவன் அத வச்சுக்கிட்டு யார்கிட்ட போய்ப் பேசுவான்? இங்க நீ ஒருத்திதானே இருக்க."

"நான் ஒருத்திதான் மாமா. அதான்" என்றாள் சித்தி.

தாத்தாவுக்கு அது புரியவில்லை. அல்லது புரிந்திருக்கும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ள பேசட்டும்மா மொதல்ல. அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்துபோனார். என்னைக் கூப்பிட்டு, "சித்தி மறந்தாப்புல பேசுனா ஞாபகப்படுத்து" என்றார். நான் அந்தப் பொறுப்பை ஒழுங்காகச் செய்தேன். வகுப்பில் லீடராக இருந்து பழக்கம்.

சித்தி தாத்தாவின் சொல்லை மீறவில்லை. தம்பியோடு அவளுடைய ஓட்டைத் தமிழில்தான் பேசினாள், அதுவும் கொஞ்சமாக. தெரியாத பாஷையில் பிள்ளையை எப்படிக் கொஞ்சுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பால் குடி, தூங்கு, வா, போகாதே. அவ்வளவுதான். ஆனால் மத்தியானம் மட்டும் கேசட்டைப் போடுவாள். லீவு நாளில் நான் பார்த்தால், "நான் பேசலயே பாப்பா. கேசட்தான பேசுது" என்பாள். பதில் சொல்லும் இடத்தில் வாயை இறுக்க மூடிக்கொண்டிருப்பாள். தம்பிதான் பதில் சொல்வான். நான் இதைத் தாத்தாவிடம் சொல்லவில்லை. அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சித்தப்பாவிடமிருந்து முதல் கேசட் வந்தது. நமக்கெல்லாம் அந்தக் காலத்து வளைகுடாக் கடிதம் அதுதானே. போன் பேச வலங்கைமான் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். கேசட்டில் பேசி, விடுமுறைக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பினால் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கலாம். பதிலையும் பேசி, அவர் திரும்பும்போது அவரிடமே கொடுத்தனுப்புவோம். கொண்டுவந்த கூத்தாநல்லூர் பாய் சொல்லிவிட்டுப் போயிருந்தார், புறப்படும் நாளன்று மூன்று மணி பஸ்ஸுக்குள் பதில் கேசட் வேண்டும் என்று.

அது கார்த்திகை அடைமழை, பள்ளிக்கூடம் லீவு. ஆடியில் வராத தண்ணீர் மொத்தமாக வந்து வயலும் ரோடும் ஒன்றாகக் கிடந்தன. சித்தியும் அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே கும்பகோணம் டாக்டரிடம் போயிருந்தார்கள். கடைத்தெருவுக்குக் கேசட் வாங்கப் போன அப்பா நனைந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினார். எல்லாக் கடையும் மூடியிருந்தது.

"சித்தப்பா கேசட்லயே பேசிடலாமா தாத்தா?" என்றேன்.

"புள்ள கொரல அழிக்கச் சொல்றியா?" என்றார் தாத்தா. கொஞ்சநேரம் உலாவினார். பிறகு, "அந்த ருஷ்யா கேசட் இருக்கே, அத எடு" என்றார்.

"அது சித்தியோட அம்மா பேசுறது."

"தெரியும். ஒரு லெட்டர் போட்டா இன்னொன்னு பேசி அனுப்பப் போறாங்க. இந்த பாய விட்டா நமக்கு அடுத்து யாரு போறா? அவன் அங்க தனியாக் கெடக்கான்."

நான் எடுத்துக் கொடுத்தேன். தாத்தா பொத்தானை அமுக்கினார். இறங்கவில்லை. இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். "ரிப்பேர் போலருக்கு. சரி, விடு" என்றார். அப்படியே விட்டிருப்பார். இயந்திரங்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மூடியில் காந்தம் வைத்த பென்சில் டப்பா ஒன்று மஸ்கட்டில் கிடைக்கும் என்று வகுப்பில் ஒருத்தி காட்டியிருந்தாள். அதைச் சித்தப்பாவிடம் என் குரலிலேயே கேட்க வேண்டும். அதோடு எனக்கு அந்த வித்தை வேறு தெரியும்.

"ரிப்பேர் இல்ல தாத்தா" என்று சொல்லி, தபால்தலைத் தாளின் ஓரத்தில் பசை தடவிய வெள்ளைப் பட்டை வருமே, அதில் இரண்டு துண்டு கிழித்து நாக்கில் தொட்டு, இரண்டு ஓட்டையிலும் ஒட்டினேன். பொத்தான் இறங்கியது. தாத்தா என் தலையில் தட்டிக்கொடுத்தார்.

அப்பா நாலு வார்த்தை பேசினார். நான் பென்சில் டப்பாவைப் பற்றிப் பேசினேன், அடையாளமெல்லாம் சொன்னேன். தாத்தா பேச ஆரம்பித்து, முதல் பக்கம் போதாமல் மறுபக்கமும் திருப்பிப் போட்டு, மேட்டூர் தண்ணீர், உர விலை, புதுசாக வந்திருக்கிற பொருளாதாரக் கொள்கை என்று நாய் குரைக்கும் இடம் வரைக்கும் பேசி முடித்தார். அப்பா கேசட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார்.

நாலரை மணிக்குச் சித்தி வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்குள் போனவள் வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"கேசட் எங்க பாப்பா?"

"அதுல பேசி சித்தப்பாவுக்கு அனுப்பிட்டோம்."

"அது முடியாதே. நான் உடைச்சேனே."

சித்தி கீழே கிடந்த தபால்தலைத் தாளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி ரோட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பஸ் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நிறுத்தத்தில் ஒரு ஆடு மட்டும் ஒதுங்கி நின்றது. சித்தி என் பக்கம் திரும்பித் தன் பாஷையில் பேசினாள். வெகுநேரம் பேசினாள். திட்டினாளா, அழுதாளா, அந்தக் கேசட்டில் இருந்ததைத்தான் ஒப்பித்தாளா, எனக்குத் தெரியாது. இதைப் போய் அவளுக்கு ஞாபகப்படுத்தவா முடியும்? மழையில் நின்றுகொண்டு கேட்டேன். அவள் அந்தப் பாஷையைப் பேசி நான் அதன் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் கேட்கவில்லை.

மார்கழியில் அதே கேசட் திரும்பி வந்தது. எங்கள் குரலின்மேல் சித்தப்பா தன் பதிலைப் பேசியிருந்தார். அதுதானே வழக்கம், ஒரே கேசட் போகும், வரும். கூட என் பென்சில் டப்பாவும் வந்தது. கூடத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். தாத்தா பொத்தானை அமுக்கினார். இரைச்சல் கேட்டது. தரையில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி சட்டென்று நிமிர்ந்தான். சித்தப்பா பேசுமுன் ஒரு செருமல். தம்பி எழுந்து நின்று, பொட்டியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தான்.

"எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா" என்றது சித்தப்பாவின் குரல்.

தம்பி இன்னொரு தரம் சொன்னான், சத்தமாக. சித்தி எழுந்து வந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "அம்மா. சொல்லு. அம்மா" என்றாள் தமிழில்.

பொங்கலுக்குள் அவன் அம்மா சொல்லிவிட்டான், தாத்தா சொல்லிவிட்டான், கரும்பு சொல்லிவிட்டான். டாக்டர் கெட்டிக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். தாத்தா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். மாசியில் மலையிலிருந்து அந்த ஆசிரியரின் கடிதம் வந்தது, ஏழெட்டு ஊர் முத்திரையோடு. சித்தியின் அம்மா முந்தின கோடையிலேயே இறந்துவிட்டாள், தேசம் இருந்த இருப்பில் தபால் போகவில்லை என்று எழுதியிருந்தார். சித்தி அதைப் படித்துத் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். தாத்தா, இன்னொன்று பேசி அனுப்பச் சொல்லலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சாகும்வரை சித்தியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதும் இல்லை.

பென்சில் டப்பா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அந்த வாரமே குடமுருட்டியில் போட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் தம்பி போன் செய்தான். பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறவன், லீவு போட்டுத் தஞ்சாவூரில் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தான். சித்திக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம். "அக்கா, அம்மா பேசறாங்க. ஆனா எங்க யாருக்கும் புரியல. நீங்க கொஞ்சம் வாங்களேன்."

திருச்சியிலிருந்து பஸ்ஸில் போனேன். முழங்கால் வலியோடு மாடி ஏறி உட்கார்ந்ததும் அவன் சொன்னான். தமிழ் முழுக்கப் போய்விட்டது. சித்தப்பா ருஷ்யத்தில் பேசிப் பார்த்தார், அதுவும் போய்விட்டது. நர்ஸ் உளறல் என்கிறாள். கடைசியில் படித்த பாஷை முதலில் போகும், முதலில் படித்தது கடைசியில் நிற்கும் என்று டாக்டர் சொல்கிறார். அந்த ஊர் ஆட்களைத் தேடி இணையத்தில் எங்கெங்கோ எழுதியிருக்கிறான். ஊரே காலியாகிச் சமவெளிக்கு இறங்கிவிட்டதாம். அகப்பட்ட ஒரு பையனுக்கு ருஷ்யம்தான் வருமாம்.

"தண்ணி கேக்கறாங்கன்னு குடுத்தா தள்ளி விடறாங்க. வலிக்குதான்னு கேட்டா பாக்கறாங்க, அவ்வளவுதான். ஒரே விஷயத்தத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க அக்கா. நான் அவங்க பையன். எனக்கு ஒரு வார்த்த தெரியல" என்றான். முப்பத்தைந்தை நெருங்குகிறவன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். உனக்கு ஒரு வார்த்தை தெரிந்திருந்தது என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

சித்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா, சொல்ல முடியாது. ஒரு செருமல். பிறகு உரத்த குரலில், இழுத்து, அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

என் நினைவில் சமையலறைத் தரையும் மத்தியானமும் டேப் சும்மா ஓடும் சத்தமும் அப்படியே வந்தன. அதே கேள்வி, அதே இழுப்பு. பதிலுக்கு விட்ட இடமும் அதே அளவு.

சொன்னேன். முதல் தடவை தொண்டை சரியாகப் பிடிக்கவில்லை. இருமிவிட்டு மறுபடி சொன்னேன். நாக்கோரத்தில் ஆரம்பித்து அடித்தொண்டையில் முடித்தேன்.

சித்தியின் முகம் என் பக்கம் திரும்பியது. நல்லாயிருந்த பாதி முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்ததை எல்லாம் பேசினாள். குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் சிரித்தாள். தம்பி அவசரமாகப் போனை எடுத்துப் பதிவு செய்தான்.

"என்ன கேட்டாங்க அக்கா? நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுடா."

"தெரியாம எப்படிச் சொன்னீங்க?"

அதற்குள் சித்தி பேச்சை நிறுத்தியிருந்தாள். அடுத்த பதிலுக்கான இடம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும். அதையே திரும்பச் சொன்னேன். சித்தி சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தாள்.